ஓய்வு நாளில் அனுப்பிய ஜெபக் குறிப்பு

ஜூன் மாதம், புதன்கிழமை. டி. கல்லுப்பட்டிக்கு வெளியே நாங்கள் தங்கியிருந்த மாணவர் விடுதியிலிருந்து காலை ஆறரைக்கு வண்டி கிளம்பியது. மலேசியாவின் கிள்ளானிலிருந்து நாங்கள் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எட்டு நாளும் சுவர் சுரண்டி, வெள்ளையடித்து, மாலையில் விடுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, என்னோடு வந்த ஒன்பது இளைஞர்களும் கறுத்துப் போயிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நிலைக்கும் வந்திருந்தார்கள். எங்கள் சபையின் ஊழியப் பயணங்களில் நடுவில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அன்று வேலை கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஊர் சுற்றலாம், கடையில் வாங்கித் தின்னலாம், வயிறு கெட்டால் அவரவர் பாடு.

நான் குழுத் தலைவி. இருபது வருடமாகப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். பிள்ளைகள் நேரில் டீச்சர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. புறப்படும் முன்பே பதினோரு விதிகளைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தேன். ஏழாவது விதி, விடுதியில் உள்ள யாருடைய படத்தையும் வெளியே அனுப்பக்கூடாது. முதல் மூன்று நாளிலேயே இரண்டு பேர் அதை மீறினார்கள், இரண்டு பேருடைய போனையும் பிடுங்கி என் பையில் வைத்தேன். அதில் ஒருத்தி ரேச்சல். பத்தொன்பது வயது, வாய் கொஞ்சம் நீளம்.

அந்த ஏழாவது விதியை நானே மீறியது புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு. மீறுகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

விடுதிக்குச் சமைப்பவள் ஈஸ்வரி. இருபத்தேழு வயது, பக்கத்துக் கிராமம். முந்தின நாள் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜாக்கெட் கை சற்று மேலே ஏறியபோது தோளில் வட்ட வட்டமாக மூன்று தழும்பு தெரிந்தது. என்னவென்று கேட்டேன். பீடி என்றாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியையும் சொன்னாள். புருஷனுக்கு மதுரைக் காளவாசலில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. தினமும் குடி, வாரத்தில் நான்கு நாள் அடி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தோழி ஒருத்தி இவளுக்கு வேலையும் ஓர் அறையும் பார்த்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு, ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடப் போகிறாள்.

"நீங்க வேற நாட்டுக்காரக, அடுத்த வாரம் போயிருவீக. அதான் உங்ககிட்டச் சொல்றேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லிறாதீகக்கா. உங்க சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க, வெள்ளிக்கெழம பஸ் ஏறுற வரைக்கும்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. யாருக்காவது கஷ்டம் என்றால் அதை எழுதி ஜெபக் குழுவின் வாட்ஸாப்பில் போடுவோம். நூற்றுச் சொச்சம் பேர் அவரவர் வீட்டில் முழங்கால் போடுவார்கள். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் விவாகரத்து, யார் பையன் எஸ்பிஎம் பரீட்சையில் கோட்டை விட்டான், எல்லாம் அதில் வரும். மொட்டையாக எழுதினால் திட்டு விழும். பெயர், இடம், விவரம் இருந்தால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்பார்கள். இதை ஊருக்குச் சொல்வது என்று எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை. கடவுளிடம் சொல்வதில் இது ஒரு வகை, அவ்வளவுதான்.

ஆகவே எழுதினேன். 'டி. கல்லுப்பட்டி விடுதியில் சமைக்கும் சகோதரி ஈஸ்வரிக்காக. குடிகாரக் கணவரிடமிருந்து விடுதலை பெற, வரும் வெள்ளி காலை இரண்டு பிள்ளைகளோடு திருப்பூர் செல்கிறார். யாருக்கும் தெரியாமல் பத்திரமாகப் போய்ச்சேர ஜெபியுங்கள்.' முகம் தெரிந்தால் நல்லது என்று, அவள் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் சேர்த்தேன். கிள்ளானில் அப்போது எட்டேகால் மணி. வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. மனசுக்குத் திருப்தியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மணிக்கு அவளே இட்லி பரிமாறினாள். "இன்னிக்கு மதியம் நீங்க யாரும் இல்ல. பிள்ளைகளுக்குச் சோத்த மட்டும் ஆக்கி வச்சுட்டு நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவேன்க்கா. துணி கெடக்கு" என்றாள். வண்டி திரும்பும்போது வாசலில் நின்று கையாட்டினாள்.

மதுரைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாடகை நாளொன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசல் தனி. ஓட்டுநர் சாதிக் அண்ணன் கோரிப்பாளையத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வழி நெடுகக் கரிசல், வெயிலில் வெடித்துக் கிடந்தது. திருமங்கலத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். அதற்குப் பிறகு சாலையோரம் முழுக்க விற்பனைக்கு என்று கல் நட்ட மனைகள். ஆடு மேய்கிற கட்டாந்தரைக்கு 'கிரீன் சிட்டி' என்று பெயர்ப் பலகை. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

எட்டேகாலுக்குக் காளவாசல். நான்கு பக்கமும் வண்டி, ஹாரன், புகை. இருபது நிமிடம் ஓரிடத்திலேயே நின்றோம். சாலையோரப் பட்டறைகளில் நெருப்புப் பொறி பறந்துகொண்டிருந்தது. அவற்றில் எதிலோ அவன் இருப்பான் என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். ஏதோ எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் கையில் இருப்பதாக ஒரு குறுகுறுப்பு. இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மீனாட்சி கோயில் கோபுரத்தைச் சித்திரை வீதியில் நின்று பார்த்தோம். உள்ளே போகலாமா கூடாதா என்று பிள்ளைகளுக்குள் பெரிய தர்க்கம். போனை வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றதும் தர்க்கம் தானாக முடிந்தது. அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால். வெளிநாட்டவருக்கு ஐம்பது ரூபாய் சீட்டு. பாஸ்போர்ட்டைக் காட்டும்வரை எங்களை வெளிநாடு என்று நம்பவே மறுத்த சீட்டுக்காரர், "தமிழ் பேசுறீக, அப்புறம் என்ன ஃபாரின்?" என்று கேட்டார். தூண்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத பருமன். எட்டுகிற உயரம் வரைக்கும் காதலர் பெயர்கள் கீறியிருந்தன. மேலே புறாக்கள், கீழே அவற்றின் எச்சம்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு மேரி ஆன்ட்டி கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். ஜெபக் குழுவின் தூண் அவர், அறுபத்தெட்டு வயது.

"டீச்சர், கர்த்தர் எவ்வளவு நல்லவர் பாத்தீங்களா! எங்கம்மாவோட ஊரே அந்தக் கல்லுப்பட்டிப் பக்கம்தானே! என் சித்தி மக இன்னும் அங்கேதான் இருக்கா. நீங்க போட்டத அப்படியே அவளுக்கு அனுப்பிட்டேன், அந்தப் பொண்ணுக்கு ஏதாவது உதவி செய்யட்டும்னு. அவ மகன் பாத்துட்டு இந்தக் குடும்பத்த நல்லாத் தெரியும்னு சொல்லிட்டான். அந்தப் புருஷனோட அண்ணன்கிட்டவே பேசறானாம், தம்பிய நாலு வார்த்தை கண்டிக்கச் சொல்லி."

"ரொம்ப நன்றி ஆன்ட்டி" என்றேன். பழக்க தோஷம். போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது மண்டைக்குள் இறங்கியது.

விடுதி வார்டனுக்குப் போன் போட்டேன். ஈஸ்வரி ஒன்பதரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் ஊர் சுற்றப் போகாமல் விடுதியில் இருந்திருந்தால் மதியம் மூன்று மணி வரை அவள் சமையலறையில் இருந்திருப்பாள். அவளிடம் போன் கிடையாது, வீட்டில் ஒரே போன், அது அவனிடம். யாரையாவது அனுப்பி அவளையும் பிள்ளைகளையும் விடுதிக்குக் கூட்டிவர முடியுமா என்று கெஞ்சினேன். "நான் ஆள் அனுப்புனா விடுதிதான் அவளக் கெடுத்துச்சுன்னு பேராயிரும் மேடம். நீங்க வாங்க, சேந்து போவோம்" என்றார் வார்டன்.

அப்போதே நான் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளிடம் காரணம் சொல்லவேண்டும். போன் பிடுங்கிய டீச்சர் என்ன செய்தாள் என்று ரேச்சலின் முன்னால் சொல்லவேண்டும். ஒன்றும் ஆகாது, அண்ணன் உண்மையிலேயே தம்பியைக் கண்டிப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழுவில் போட்ட குறிப்பை அழித்தேன். உடனே பதினான்கு பேர் என்ன அழித்தீர்கள், ஏதாவது அவசரமா என்று கேட்டார்கள். கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஜெபம் செய்துகொண்டே நடந்தேன்.

இப்படியாக விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தோம், ஒரு தம்ளர் நாற்பது ரூபாய். பிள்ளைகள் வளையல் வாங்கினார்கள். பேரம் பேசத் தெரியாமல் முதலில் சொன்ன விலைக்கே வாங்கி, வெளியே வந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். காந்தி மியூசியத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டதாகச் சொல்லும் வேட்டியின் முன்னால் எல்லோரும் அமைதியாக நின்றபோது, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் அன்று நான் பார்த்ததாக எழுதுவது எல்லாமே அந்தப் போனின் ஓரத்தில் பார்த்ததுதான்.

கோரிப்பாளையத்தில் ஒரு பிரியாணிக் கடைக்குச் சாதிக் அண்ணன் முன்பே சொல்லிவைத்திருந்தார். பன்னிரண்டு இருபதுக்கு இலை முன்னால் உட்காரும்போது வார்டன் கூப்பிட்டார். "மேடம், ஈஸ்வரி வீட்டுக்காரன் பைக்குல பறந்து போறான். பின்னாடியே அவன் அண்ணனுக ரெண்டு பேரும் போறாக."

எல்லோர் முன்னாலும் அங்கேயே சொன்னேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது? சாதிக் அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடி கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சரம்மா?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா? இம்புட்டு நேரம் வளையல் கடையிலயா நின்னுக்கிட்டு இருந்தீக? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பதினொன்னேகாலுக்கு அங்கன எறக்கி விட்டிருப்பேனே!"

இலைகளை அப்படியே விட்டுவிட்டு ஏறினோம். தர்கா முனையில் நெரிசல், பாலத்தில் நெரிசல், காளவாசலில் மறுபடியும் நெரிசல். திருமங்கலம் தாண்டியதும் அவர் ஓட்டிய ஓட்டத்தில் பின் இருக்கையில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். ரேச்சல் ஒரு தடவை, "டீச்சர், போட்டோவும் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு விடுதி வாசலில் வார்டனை ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போனோம், நான்கு கிலோமீட்டர். சிமெண்ட் ஷீட் போட்ட ஓரறை வீடு. கொடியில் காலையில் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் மூன்று ஆண்கள். சத்தம் இல்லை, கூட்டம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மூத்தவர் எழுந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. மலேசியாவா? ஈஸ்வரி, இவகளுக்குத் தண்ணி கொண்டா."

அவள் செம்போடு வெளியே வந்தாள். இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கக் கண் பாதி மூடியிருந்தது. பிள்ளைகள் சத்தம் எங்கும் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"அவுக அத்த வீட்டுக்கு அனுப்பியாச்சு, உசிலம்பட்டிப் பக்கம். இனிமே பள்ளிக்கூடமும் அங்கதான்" என்றார் மூத்தவர். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நாங்களே பேசி முடிச்சுட்டோம். நீங்க ஊரு சுத்திப் பாக்க வந்தவக, பாத்துட்டுப் போங்க."

புருஷன் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள், என் மாணவர்களின் அப்பாக்களில் ஒருவரைப் போலத்தான் இருந்தான். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். கரண்டியோடு சிரிக்கும் ஈஸ்வரி, அதன் கீழே என் வரிகள், எழுத்துக்கு எழுத்து அப்படியே. பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறியும் மேலே இருந்தது.

"நீங்க எழுதுனதா? நல்லா எழுதியிருக்கீக" என்றான்.

நான் ஈஸ்வரியின் கையைப் பிடித்து வண்டியைக் காட்டினேன். எங்களோடு வந்துவிடு, இப்போதே ஏறு என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "பிள்ளைகள விட்டுட்டா?" என்று மட்டும் கேட்டாள். ரேச்சல் அதற்குள் சாதிக் அண்ணன் போனை வாங்கி மகளிர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினார், அவரிடமே போனைக் கொடுங்கள், அவர் சொன்னால் உடனே வருகிறோம் என்றார். ரேச்சல் போனை நீட்டினாள். மூன்று ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"என்ன மன்னிச்சிடு ஈஸ்வரி" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சாமிகிட்டதானக்கா சொல்லச் சொன்னேன்" என்றாள். பிறகு, "தண்ணி குடிங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று செம்பை நீட்டினாள். அதை வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் முதல் விடுதியில் வேறொருவர் சமைத்தார். இரண்டு முறை கிராமத்துக்குப் போய்ப் பார்த்தேன், இரண்டு முறையும் வீடு பூட்டியிருந்தது. ஊர்க் காவல் நிலையத்தில் என் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அவள் வரமாட்டாள் என்று தெரிந்தே நின்றேன். பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

திரும்பும் விமானம் நான்கு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர் வந்துவிட்டது. கிள்ளானுக்கும் கல்லுப்பட்டிக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, இங்கே சொல்வது அங்கே கேட்காது என்றுதான் நான் உள்ளூர நம்பியிருந்தேன் போலிருக்கிறது. எங்கள் சபையில் பாதிப் பேருடைய ரத்த சொந்தம் அந்தக் கரிசல் காட்டில் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மேரி ஆன்ட்டி எழுந்தார். "டீச்சர் அனுப்பின குறிப்புக்காக நாம எல்லாரும் பாரத்தோடு ஜெபிச்சோம். பிரிஞ்சு போக இருந்த ஒரு குடும்பத்தைக் கர்த்தர் பிரியாம காத்தார். அந்தப் பொண்ணு இப்போ புருஷனோடயே இருக்கறான்னு எங்க சித்தி மக சொல்லிட்டா" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் நின்றது. கைதட்டல் எழுந்தது. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்தேன். நடந்ததைச் சொல்லத்தான் எழுந்தேன். நூற்றுச் சொச்சம் முகங்கள் சந்தோஷமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சபையே ஆமென் என்றது. முன் வரிசையிலிருந்து ரேச்சல் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் ஆமென் சொல்லவில்லை.